எழாத நினைவுக்கல்: டெரோசியோவும் அவருடைய மாணவர்களும்

1831 டிசம்பர் 26 அன்று கல்கத்தாவில் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ காலராவில் இறந்தார். வயது 22. இந்துக் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் வரலாறும் சொல்லிக்கொடுத்தவர். எட்டு மாதத்துக்கு முன்புதான் அந்த வேலை போயிருந்தது. காலரா என்றால் வீட்டாரே தள்ளி நின்ற காலம் அது. ஆனால் கடைசி நாட்களில் அவர் படுக்கையருகே மாணவர்கள் இருந்தார்கள்.

இறந்த சில நாட்களில் நினைவுக்கல் எழுப்பக் கூட்டம் போட்டார்கள், சந்தாவும் பிரித்தார்கள். கல் மட்டும் எழவில்லை. தெற்குப் பார்க் தெரு இடுகாட்டில் வெகுகாலம் அவருடைய குழி சொல்லிக்கொள்ளும்படியான அடையாளம் எதுவும் இல்லாமல் கிடந்தது.

பத்தரை ஆண்டு கழித்து அதே ஊரில், அதே காலராவில், இன்னொரு ஆசிரியர் இறந்தார். ஆசிரியர் என்று அவரைச் சொல்வது சரியில்லை. டேவிட் ஹேர் ஸ்காட்லாந்திலிருந்து கடிகாரம் பழுதுபார்க்க வந்தவர். கடையை விற்றுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற வேலையில் இறங்கியவர். 1842 ஜூன் 1 அன்று அவர் இறந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போனார்கள். கல்லூரிக்கு எதிரே, இன்று காலேஜ் ஸ்குவேர் என்கிற இடத்தில், அவரைப் புதைத்தார்கள். சந்தா பிரித்து முழு உருவச் சிலை வைத்தார்கள். ஒவ்வொரு ஜூன் 1ஆம் தேதியும் கூட்டம் கூடி யாராவது ஒரு கட்டுரை வாசிப்பது என்று வைத்துக்கொண்டு, அதைப் பல ஆண்டுகள் விடாமல் நடத்தினார்கள்.

ஹேருக்கு இதையெல்லாம் முன்னின்று செய்தவர்களில் பலர் டெரோசியோவின் ஆட்கள்தான். ஒருவருக்குச் சிலையும் ஆண்டுவிழாவும் கிடைக்க, மற்றவருக்கு ஒரு கல்கூட ஏன் இல்லை? அன்பு குறைவு என்பது முதலில் தோன்றும் பதில். அது தப்பு என்றே நினைக்கிறேன்.

வகுப்பும் வகுப்புக்கு வெளியேயும்

டெரோசியோ போர்த்துகீசிய வழித்தோன்றல் குடும்பத்துப் பிள்ளை. அன்றைய வழக்கில் 'கிழக்கிந்தியர்', பிற்காலத்தில் யூரேசியர், ஆங்கிலோ இந்தியர். 1809 ஏப்ரல் 18 அன்று கல்கத்தாவில் பிறந்தார். டேவிட் டிரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தர்மதலாவில் நடத்திய பள்ளியில் படித்தார். 14 வயதில் படிப்பு முடிந்துவிட்டது. அதற்குமேல் கல்லூரி, பட்டம் எதுவும் கிடையாது. அப்பா வேலைபார்த்த கம்பெனியில் கொஞ்ச நாள் எழுத்தராக இருந்தார். அப்புறம் பாகல்பூர் பக்கம் உறவினர் ஒருவரின் அவுரித் தோட்டத்துக்குப் போனார். அங்கே கங்கையைப் பார்த்துக்கொண்டு எழுதிய கவிதைகளை 'இந்தியா கெஜட்' அச்சிட்டது. கையில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கல்கத்தா திரும்பியவருக்கு 1826இல் இந்துக் கல்லூரியில் வேலை கிடைத்தது. அப்போது வயது 17.

அவருடைய மாணவர் வட்டத்தின் வயதையும் பார்த்துவிடலாம். ரசிக் கிருஷ்ண மல்லிக் 1810இல் பிறந்தவர். கிருஷ்ண மோகன் பானர்ஜி, ராதாநாத் சிக்தார், ராமதனு லாஹிரி மூவரும் 1813. தட்சிணாரஞ்சன் முகர்ஜி, பியாரி சந்த் மித்ரா இருவரும் 1814. ராம்கோபால் கோஷ் 1815. ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவில் ஒன்றிலிருந்து ஆறு வயது. அண்ணன் தம்பி இடைவெளி. நாம் பேராசிரியர் என்றதும் நினைக்கிற நரைத்த தலையும் சால்வையும் இந்தக் கதையில் இல்லை. இவர்களில் சிலர் அவர் வகுப்பில் முறையாக உட்கார்ந்தவர்களும் இல்லை. வேறு வகுப்புப் பிள்ளைகள், இடைவேளையிலும் சாயங்காலத்திலும் அவரைச் சூழ்ந்துகொண்டவர்கள். மௌலாலி அருகே அவருடைய வீட்டுக்கே போய்ப் பேசிக்கொண்டிருந்தவர்கள். பிராமண, காயஸ்த வீட்டுப் பையன்கள் கிறிஸ்தவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று ஊர் பேசிய வீடு அதுதான்.

1828 வாக்கில் தொடங்கிய 'அகாடமிக் அசோசியேஷன்' மாணிக்தலாவில் ஒரு தோட்ட வீட்டில் கூடியது. விதியா விருப்பமா, கடவுள் உண்டா, உருவ வழிபாடு சரியா, புரோகிதர் தேவையா, நாட்டுப்பற்று என்றால் என்ன என்று விவாதம் நடக்கும். டெரோசியோ தலைமையில் உட்கார்ந்திருப்பார். டேவிட் ஹேரும் வந்து கேட்பார். 1830இல் மாணவர்கள் 'பார்த்தினான்' என்ற இதழ் ஒன்று கொண்டுவந்தார்கள். ஒரு இதழ் வந்தது. அடுத்தது வருவதற்குள் கல்லூரி நிர்வாகம் நிறுத்திவிட்டது.

டெரோசியோ என்ன சொல்லிக்கொடுத்தார் என்பதைவிட எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பதுதான் முக்கியம். அதற்கு அவருடைய வாக்குமூலமே இருக்கிறது. கடவுள் நம்பிக்கையைக் கெடுத்தாய் என்ற குற்றச்சாட்டுக்கு எழுதிய பதிலில், கடவுள் உண்டா என்ற கேள்வியில் இரண்டு பக்க வாதங்களையும் மாணவர் முன் வைத்ததாகச் சொல்கிறார். கடவுள் நம்பிக்கையைச் சந்தேகித்த தத்துவவாதி டேவிட் ஹியூமின் உரையாடலைப் படிக்கக் கொடுத்தேன்; ஹியூமுக்கு ரீடும் டூகால்ட் ஸ்டூவர்ட்டும் எழுதிய மறுப்பையும் கொடுத்தேன்; ஒன்றை மட்டும் கொடுத்து மற்றதை மறைப்பது எப்படி நியாயம் என்று கேட்கிறார். ஹியூமைப் படித்து ஆத்திகம் போனவர்கள் பற்றித்தான் ஊர் பேசியது. ரீடைப் படித்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாணவர்களைப் பற்றி அவரே ஒரு பதினான்கு வரிக் கவிதை எழுதியிருக்கிறார். மொட்டு அவிழ்வது போல அவர்கள் மனம் திறப்பதைப் பார்க்கிறேன் என்று தொடங்கும். இனி அவர்கள் அடையப்போகும் புகழை இப்போதே கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்து, நான் வாழ்ந்தது வீண் இல்லை என்று முடிக்கிறார். எழுதியவருக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பியிருக்காது அல்லது அதை ஒட்டி இருக்கும். ஓய்வுபெறும் ஆசிரியர் பிரிவுவிழாவில் சொல்லவேண்டியதை வேலைக்குச் சேர்ந்த கையோடு சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

வேலை போன கதை

1831 ஏப்ரல் 23 அன்று கல்லூரி நிர்வாகக் குழு கூடியது. ஊரில் புரளி. டெரோசியோ நாத்திகம் சொல்லித்தருகிறான், பெற்றோரை மதிக்கவேண்டாம் என்கிறான், அண்ணன் தங்கை கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறான். போதாததற்கு, தட்சிணாரஞ்சனுக்கும் டெரோசியோவின் தங்கைக்கும் கல்யாணம் நடக்கப்போகிறது என்று ஒரு வதந்தி. வீடு வீடாய்ப் போய் வம்பளப்பதையே பிழைப்பாக வைத்திருந்த ஒரு ஆள் இதைப் பரப்பினார். பெற்றோர் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தத் தொடங்கினார்கள்.

குழுவில் கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கத் தகுதியில்லாதவரா டெரோசியோ? இதற்குப் பெரும்பான்மை ஆமென்று சொல்லவில்லை. அடுத்த கேள்வி: ஊர் இப்போது இருக்கிற மனநிலையில் அவரை நீக்குவது தேவையா? இதற்குப் பெரும்பான்மை ஆமென்றது. இந்துக்களின் மனநிலை பற்றிய கேள்வி என்பதால் ஹொரேஸ் ஹேமன் வில்சனும் டேவிட் ஹேரும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆக, தகுதி உண்டு, வேலை இல்லை. கல்வி நிறுவன வரலாற்றில் எத்தனையோ முறை எடுக்கப்பட்ட முடிவுதான். இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் இரண்டு தீர்மானமாகப் பிரித்து எழுதிவைத்தவர்கள் குறைவு.

வில்சன் நல்லவர், சமஸ்கிருத அறிஞர். தாமாகவே எழுதிவிட்டுப் போ, அது மரியாதை என்று டெரோசியோவுக்குச் சொல்லி அனுப்பினார். ஏப்ரல் 25 அன்று டெரோசியோ விலகல் கடிதம் கொடுத்தார். அதிலேயே, என் மேல் குற்றம் என்னவென்று எழுத்தில் சொல்லவில்லை, என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை என்பதையும் எழுதினார். அந்த மூன்று புரளிகளைப் பற்றியும் வில்சன் கேட்டிருந்த கேள்விகளுக்கு மறுநாள் நீண்ட பதில் எழுதினார். அண்ணன் தங்கை கல்யாணமா, அப்படி ஒரு அபத்தத்தை நான் சொன்னதே இல்லை என்றார்.

பெற்றோர் மரியாதை பற்றிய பதிலைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பது. இரண்டு மூன்று மாதம் முன்னால் தட்சிணாரஞ்சன் வந்து, அப்பா நடத்துகிற விதத்தை இனித் தாங்க முடியாது, வீட்டைவிட்டுப் போகிறேன் என்றானாம். அவன் சொன்னது உண்மை என்று தெரிந்திருந்தும், பெற்றவரிடம் நிறையப் பொறுத்துப்போகத்தான் வேண்டும், அவராக வெளியேற்றாமல் நீயாக வெளியேறினால் உலகம் உன்னை ஏற்காது என்று சொல்லித் தடுத்தேன் என்கிறார் டெரோசியோ. குடும்பத்தைக் குலைத்தவன் என்று துரத்தப்பட்டவர், பையனை வீட்டிலேயே இருக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பிரித்த சந்தா எங்கே போனது

வேலை போனபின் டெரோசியோ 'ஈஸ்ட் இந்தியன்' என்ற பத்திரிகையை நடத்தினார். தம் சமூகத்தின் உரிமைக்காக நகர மண்டபத்தில் பேசினார். டிசம்பரில் காலரா வந்தது.

அந்த டிசம்பரில் மாணவர்கள் எப்படி இருந்தார்கள்? கிருஷ்ண மோகன் அந்த ஆகஸ்டிலேயே வீடிழந்தவர். அவர் இல்லாத நேரத்தில் அவர் வீட்டில் கூடிய நண்பர்கள், தின்ற மாட்டிறைச்சியின் மிச்சத்தைப் பக்கத்து பிராமணர் வீட்டில் எறிந்துவிட்டார்கள். தெரு திரண்டது. திரும்பிவந்த கிருஷ்ண மோகனை வீட்டார் உள்ளே விடவில்லை. 18 வயது. தட்சிணாரஞ்சன் கொஞ்ச காலம் இடம் கொடுத்தார். தட்சிணாரஞ்சனுக்கே வீட்டில் நிலைமை என்னவென்று மேலே பார்த்தோம். ரசிக் கிருஷ்ண மல்லிக்கும் குடும்பத்தோடு முட்டிக்கொண்டு நின்றவர். சிக்தார் அந்த ஆண்டு இறுதியில்தான் நில அளவைத் துறையில் கணிப்பாளராக, அதாவது கணக்குப் போடுபவராகச் சேர்ந்தார். ராம்கோபால் கோஷுக்கு வயது 16.

இவர்களிடம் போய்ச் சந்தா கேட்டால் என்ன கிடைக்கும்? நினைவுக்கல்லுக்கான கூட்டத்தையே முன்னின்று நடத்தியவர்கள் அவருடைய கிழக்கிந்திய சமூகத்தார்தான். கூடியதும் அவர்களுடைய பள்ளியில்தான். பிரித்த பணம் எந்தக் கல்லாகவும் ஆகவில்லை. யார் எடுத்தார்கள், எங்கே கரைந்தது என்று துருவுவதில் எனக்கு ஆர்வமில்லை. நினைவு மண்டபத்துக்கென்று சந்தா பிரித்த யாருக்கும் பணம் கரைகிற விதம் தெரியும். முதல் வாரத்தில் கண்ணீரோடு பெயர் எழுதுவார்கள். மூன்றாம் மாதம் ரசீதுப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்பதே மறந்துபோகும். விரட்டிப் பிடித்து வேலை முடிக்க, ஊரில் நிலையான ஒரு ஆள் வேண்டும். டெரோசியோவின் பிள்ளைகளில் அப்போது அப்படி ஒருவரும் இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இறந்த கையோடு, அவர் எந்த நம்பிக்கையில் இறந்தார் என்ற வழக்கு வந்துவிட்டது. கடைசியில் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பினார் என்றார்கள் சிலர். இல்லை, கடைசிவரை எதையும் முடிவாகச் சொல்லவில்லை என்றார்கள் வேறு சிலர். இறந்தவரைத் தன் பக்கம் இழுப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். ஆனால் மாணவர்களே பிரிந்துபோனார்கள். கிருஷ்ண மோகன் 1832 அக்டோபரில் அலெக்சாண்டர் டஃப் என்ற மிஷனரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். மற்றவர்களில் பலர் எந்த மதத்துக்கும் போகவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு கல்லில் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு ஒரு வரிகூட வரவில்லை.

ஹேர் விஷயத்தில் இதெல்லாம் இல்லை. 1842இல் இதே ஆட்களுக்கு வயது முப்பதை ஒட்டி. உத்தியோகம், வியாபாரம், பத்திரிகை என்று கையில் ஏதோ ஒன்று இருந்தது. ஹேர் எந்தப் பெற்றோரையும் பயமுறுத்தியவர் இல்லை. ராதாகாந்த தேவ் போன்ற பழைமைவாதியும் அவர் பெயருக்குத் தயங்காமல் பணம் தரலாம். அவர் செய்த உதவியும் கண்ணுக்குத் தெரிவது: துண்டு, புத்தகம், மருந்து, இலவச இடம். ராமதனு லாஹிரி சிறுபிள்ளையாக அவருடைய பல்லக்குக்குப் பக்கத்தில் நாள்கணக்காக ஓடி, 'நான் ஏழைப் பிள்ளை, பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று அரைகுறை ஆங்கிலத்தில் கெஞ்சித்தான் இடம் வாங்கினார். அதைச் சிலையின் பீடத்தில் செதுக்க முடியும். ஹியூமையும் ரீடையும் சேர்த்துக் கொடுத்தார் என்பதை எங்கே செதுக்குவது?

ஆளுக்கொரு விதம்

அதனால் டெரோசியோவின் நினைவைத் தேட வேண்டிய இடம் வேறு. அந்தக் காலத்துக் கல்கத்தாவில் 'அவன் காலேஜ் பையன், பொய் சொல்லமாட்டான்' என்று ஒரு பேச்சு வழங்கியதாகப் பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் நீதிமன்றத்தில் நடந்த ஒன்று மிகையில்லை. சாட்சி சொல்லப் போன ரசிக் கிருஷ்ண மல்லிக்கிடம் வழக்கப்படி துளசியும் கங்கை நீரும் நீட்டினார்கள். கங்கை புனிதம் என்று நான் நம்பவில்லை, அதன்மேல் சத்தியம் செய்யமாட்டேன் என்றார். சும்மா தொட்டுவிட்டுச் சாட்சி சொல்லியிருந்தால் ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள். நம்பாத ஒன்றின்மேல் உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தால் அந்தச் சத்தியமே முதல் பொய் என்று நினைத்தார் போலும்.

ராமதனு லாஹிரி காலமெல்லாம் பள்ளி ஆசிரியர். 1851இல் பூணூலைக் கழற்றினார். ஆசிரியர் இறந்து 20 ஆண்டு ஆகியிருந்தது. தூண்டிவிட ஆள் இல்லை, கைதட்ட நண்பர் கூட்டமும் பக்கத்தில் இல்லை. ஊர் ஒதுக்கியது, வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். ஆளே மிக மிருதுவானவர் என்றுதான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். 18 வயதில் எலும்பு எறிந்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பில்லை. 38 வயதில், சத்தமில்லாமல், தண்ணீர் எடுத்துத்தரக்கூட ஆளில்லாமல் போகும் என்று தெரிந்தே கழற்றியவர்மேல் இருக்கிறது.

ராதாநாத் சிக்தார் பெயரைத் தமிழ் வாசகர்கள் வேறு வழியாகக் கேட்டிருக்கலாம். 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய முக்கோண அளவை, வடக்கே ஏறி இமயமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதன் தலைமைக் கணிப்பாளர் இவர்தான். 15ஆம் எண் சிகரம் உலகிலேயே உயரமானது என்று 1852இல் இவருடைய கணக்கிலிருந்து தெரியவந்தது. பலமுறை சரிபார்த்து 1856இல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். எவரெஸ்ட் என்று பெயர் வைத்தபோது சிக்தார் பெயர் யாருக்கும் நினைவில்லை.

ஆனால் டெரோசியோவின் மாணவர் என்று அவரை அடையாளம் காட்டுவது கணக்கு இல்லை. 1843இல் டேராடூனில் நடந்த ஒரு சில்லறைத் தகராறு. மாஜிஸ்திரேட் வான்சிட்டார்ட் அளவைத் துறையின் கூலியாட்களைப் பிடித்துக் கூலி கொடுக்காமல் தம் சாமான்களைச் சுமக்க வைத்தார். சிக்தார் அந்தச் சாமான்களைத் தடுத்து வைத்துக்கொண்டார். யார் உன்னைக் கேட்டது என்று மாஜிஸ்திரேட் வர, அந்த ஆட்களைப் பிடிக்க உங்களுக்கு என்ன உரிமை என்று இவர் திருப்பிக் கேட்டார். வழக்காகி 200 ரூபாய் அபராதம் விதித்தார்கள். கட்டினார். ராம்கோபால் கோஷும் நண்பர்களும் நடத்திய 'பெங்கால் ஸ்பெக்டேட்டர்' அந்த விசாரணையை அச்சிட்டு ஊருக்குச் சொன்னது. ஒரே ஆசிரியரிடம் பேசிப் பழகியவர்கள் 12 ஆண்டு கழித்து ஒருவருக்கொருவர் இப்படிக் கை கொடுத்தார்கள்.

அதே 1843, பிப்ரவரி 8. இந்துக் கல்லூரி மண்டபத்தில் 'பொது அறிவு ஈட்டும் சங்கம்' கூடுகிறது. 1838இல் இவர்கள் தொடங்கியது. மாணிக்தலாத் தோட்டத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்வது போல. தலைவர் தாராசந்த் சக்ரவர்த்தி. தட்சிணாரஞ்சன் எழுந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் குற்றவியல் நீதிமன்றங்களும் போலீசும் வங்காளத்தில் இருக்கிற லட்சணம் பற்றிக் கட்டுரை வாசிக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த கேப்டன் டி. எல். ரிச்சர்ட்சன் நடுவில் எழுந்துவிட்டார். அரசாங்கம் கட்டிக்கொடுத்த மண்டபத்தில் நின்று அரசாங்கத்தையே கொள்ளைக்காரர் என்பதா, இதை ராஜதுரோகக் குகையாக ஆக்க விடமாட்டேன் என்றார்.

ரிச்சர்ட்சன் சாமானியர் இல்லை. அந்தக் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர், முதல்வர். ஷேக்ஸ்பியரை அவர் வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் கட்டுண்டு கிடப்பார்கள். வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தருக்குக் கவிதைப் பித்து பிடிக்க அவர் ஒரு காரணம். அன்பு செலுத்தப்பட்ட ஆங்கிலப் பேராசிரியர் என்று ஒரு வரிசை போட்டால் டெரோசியோவுக்கு அடுத்து அவர் பெயர்தான் வரும்.

தாராசந்த் மரியாதை குறையாமல் பதில் சொன்னார். நீங்கள் இன்று இங்கே விருந்தாளி, எங்கள் உறுப்பினர் தம் கருத்தைச் சொல்லும்போது குறுக்கிட உங்களுக்கு உரிமையில்லை. மண்டபத்தை நிர்வாகக் குழுவிடம் அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறோம், உங்கள் தயவில் இல்லை. சொன்னதைத் திரும்பப் பெறாவிட்டால் குழுவிடமும், தேவைப்பட்டால் அரசாங்கத்திடமும் முறையிடுவோம். வெளியாள் ஒருவரைக் குறுக்கே பேசவிடாமல் தடுத்துக் கட்டுரையாளரைப் பேசவைப்பது ஒரு சபைப் பழக்கம். அதைப் பதினைந்து வயதில் ஒரு தோட்ட வீட்டில் கற்றவர்கள் அந்த மண்டபத்தில் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரியிலிருந்து டெரோசியோவை அனுப்பிவிட்டார்கள். அவர் சொல்லிக்கொடுத்த பழக்கம் அதே கல்லூரி மண்டபத்துக்கு அனுமதிச் சீட்டோடு வந்துவிட்டது.

எல்லோரும் கடைசிவரை கலகக்காரர்களாகவே இருந்தார்கள் என்று எழுதிவிடக் கூடாது. தட்சிணாரஞ்சன் பிற்காலத்தில் லக்னோ பக்கம் போய் தாலுக்தார் என்கிற நிலக்கிழாராகி அரசாங்கத்துக்கு வேண்டியவரானார். நிம்தலா சுடுகாட்டை ஊருக்கு வெளியே மாற்றப்போகிறார்கள் என்றபோது அங்கேயே இருக்கட்டும் என்று இந்துக்களுக்காக வாதாடி வென்றவர் ராம்கோபால் கோஷ். எந்தப் பக்கம் பேசுவது என்று டெரோசியோ சொல்லிவைத்திருந்தால் இவர்கள் இப்படி நாலு திசையில் போயிருக்க மாட்டார்கள்.

எழுத்துக்கு வந்தது எப்போது

டெரோசியோ பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி வெகுகாலம் கழித்து எழுதப்பட்டது. பியாரி சந்த் மித்ரா 1877இல் ஹேரின் வாழ்க்கையை எழுதியபோது நடுவில் டெரோசியோ பற்றியும் எழுதினார். அந்த நினைவேகூட ஹேரின் நிழலில்தான் அச்சேறியது. தாமஸ் எட்வர்ட்ஸ் டெரோசியோவுக்கென்றே ஒரு வாழ்க்கை வரலாறு எழுதியது 1884இல். இறந்து 53 ஆண்டு. அதற்குள் ரசிக் கிருஷ்ணர், ராம்கோபால், சிக்தார், தட்சிணாரஞ்சன், பியாரி சந்த் எல்லோரும் போய்விட்டார்கள். கிருஷ்ண மோகனுக்கு அடுத்த ஆண்டு முடிவு. ராமதனு மட்டும் 1898 வரை இருந்தார்.

எழுபது வயதில் ஒருவர், பதினைந்து வயதில் தமக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரை நினைத்துச் சொல்வதில் பாதி ஆசிரியர், பாதி தம் இளமை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்கவேண்டும். வகுப்பில் ஒரு நாள் என்ன நடந்தது, எந்தக் கவிதையை எப்படிப் பிரித்துச் சொன்னார் என்பதற்கு ஒரு பாடக்குறிப்புகூட இல்லை.

எனக்குப் பிடித்த சாட்சியம் சிக்தாருடையது. கல்வி எதற்கு என்பதை முதலில் புரியவைத்தவர் டெரோசியோதான், அவரிடம் பெற்ற சில நெறிகள் என் வேலைகளைக் கடைசிவரை வழிநடத்தும் என்கிறார். அன்பானவர், பரிவானவர் என்கிறார். கூடவே, படித்தவர் என்ற செருக்கு அவருக்குக் கொஞ்சம் உண்டு என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். நம் இரங்கல் கூட்டங்களில் இந்தக் கடைசி வரியை யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிடுவார்கள். 14 வயதில் பள்ளியைவிட்டு, 17 வயதில் கல்லூரி ஆசிரியராகி, ஊரே தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்த ஒரு பையனுக்குக் கொஞ்சம் செருக்கு இருந்திருக்காதா? அந்த ஒரு வரியால்தான் மற்ற புகழ்ச்சியையும் நான் நம்புகிறேன்.

பாடப்புத்தகம் அவரைக் கவிஞராகவே வைத்துக்கொண்டது. நம் ஊர்க் கல்லூரிகளிலும் இந்திய ஆங்கிலக் கவிதை என்று தாள் இருந்தால் பெரும்பாலும் முதல் பெயர் அவருடையது. 'என் பிறந்த நாட்டுக்கு' என்று இந்தியாவைப் பார்த்துப் பேசும் கவிதையைப் படிப்பார்கள். ஆசிரியர் என்பது அறிமுகக் குறிப்பில் ஒரு வரி. அவர் விரட்டப்பட்ட கல்லூரி பிரெசிடென்சியாகி இப்போது பல்கலைக்கழகம். அங்கே அவர் பெயரில் ஒரு அரங்கு இருக்கிறது.

தெற்குப் பார்க் தெரு இடுகாட்டில் பாசி படிந்த பிரமிடுகளும் கோபுரங்களும் நெருக்கியடித்து நிற்கும். எல்லாம் கம்பெனி அதிகாரிகளும் அவர்கள் மனைவிமாரும். மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸின் கூம்புத் தூண் தூரத்திலிருந்தே தெரியும். டெரோசியோவுக்கும் இப்போது அங்கே ஒரு கல் உண்டு, வெகுகாலம் பிந்தி வந்தது. இந்திய அஞ்சல்துறை 2004இல் முக்கோண அளவையை நினைவுகூர்ந்து தபால்தலைகள் வெளியிட்டபோது ராதாநாத் சிக்தாரின் படத்தைப் போட்டது. டெரோசியோவுக்குத் தபால்தலை வந்தது 2009இல்தான். மாணவர் ஐந்து ஆண்டு முந்திக்கொண்டார்.